குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு: லாரி, பஸ், டாக்ஸி டிரைவர்களின் லைசென்ஸும் இன்சூரன்ஸும் என்னவாகும்?

லாரி ஆபீஸ் ஒன்றில் பல வருடம் கணக்கும் கிளைம் ஃபைலும் பார்த்தவன் நான். டிரைவர்களும் ஓனர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது "அபராதம் எவ்வளவு?" என்றுதான். இந்த விவகாரத்திலேயே சின்னத் தொகை அந்த அபராதம்தான். ஸ்டியரிங் பிடித்துப் பிழைப்பவருக்கு லைசென்ஸ் எத்தனை மாதம் கையை விட்டுப் போகும் என்பதும், ஓனருக்கு இன்சூரன்ஸ் கை கொடுக்குமா என்பதும்தான் உண்மையான கணக்கு. இங்கே சொல்வதெல்லாம் இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டப்படி. வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் வக்கீலைப் பார்த்துவிடுங்கள். இதைப் படிப்பது அதற்கு ஈடாகாது.

எவ்வளவு குடித்திருந்தால் கேஸ்?

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 185-வது பிரிவின்படி குற்றம். பைக், கார், டாரஸ் லாரி, ஸ்கூல் பஸ் எல்லாவற்றுக்கும் அளவு ஒன்றுதான். கமர்ஷியல் டிரைவருக்கென்று தனியாகக் கடுமையான அளவு இங்கே கிடையாது. (அமெரிக்காவில் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் சாதாரண டிரைவருக்கு 80, லாரி ஓட்டுபவருக்கு 40.) நம் நாட்டு 30 அந்த இரண்டையும் விடக் குறைவு என்பதைக் கவனியுங்கள்.

30 என்றால் எவ்வளவு? 70 கிலோ எடையுள்ள ஆண் 90 மில்லி பிராந்தி, அதாவது ஒரு கட்டிங், குடித்தால் தோராயமாக 60-ஐத் தாண்டும். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒன்று 80-ஐத் தாண்டிவிடும். "பீர்தானே" என்று சொல்பவர்களுக்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். உடல் எடை, வயிற்றில் சாப்பாடு இருந்ததா, எவ்வளவு வேகமாகக் குடித்தார் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஆனால் ஒரு கட்டிங் போட்டுவிட்டு உடனே வண்டி எடுத்து 30-க்குள் நிற்பது பெரும்பாலானவர்களுக்கு நடக்காத காரியம்.

இன்னொன்று: வண்டி ஓடியிருக்க வேண்டும் என்றில்லை. ஓட்ட முயன்றாலே குற்றம் என்கிறது சட்டம்.

ராத்திரி குடித்துவிட்டுத் தூங்கி, காலையில்தான் வண்டி எடுத்தேன். அதற்கும் கேஸா?

ஆமாம். லோடு ஏற்றக் காத்திருக்கும் ராத்திரியில் குடித்துவிட்டு, விடியற்காலையில் கிளம்பி, சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் ஊதி மாட்டிக்கொண்ட ஆட்கள் நிறைய. அவர்கள் பொய் சொல்லவில்லை. போதை தெளிந்துவிட்டது என்று நிஜமாகவே நம்பினார்கள்.

ஈரல் ஆல்கஹாலை ஒரே நிதானத்தில்தான் எரிக்கும். மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம், ஆளுக்கு ஆள் 10 முதல் 20 வரை. காப்பி குடிப்பது, குளிப்பது, மோர் குடிப்பது எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதே 70 கிலோ ஆளுக்கு 125 பக்கம் ஏறும். 30-க்கு இறங்க ஆறரை மணி நேரம் பிடிக்கும். பதினோரு மணிக்கு முடித்தால் விடியற்காலை ஐந்தரைக்குத்தான் எல்லைக்கோட்டைத் தொடுவார். ஆஃப் பாட்டில் என்றால் எண் 250-ஐத் தாண்டும். அது 30-க்கு வரப் பதினைந்து மணி நேரம் ஆகும். அதாவது மறுநாள் மத்தியானம் வரை அந்த ஆள் வண்டியைத் தொடக்கூடாது.

ஊத மாட்டேன் என்று மறுத்துவிட்டால்?

மறுத்ததே உங்களுக்கு எதிரான சாட்சியமாகும். 205-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. குடித்திருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் இருக்கும்போது ஊத மறுத்தால் வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம்.

கைது செய்தால் போலீஸுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரிடம் பரிசோதனை நடத்த வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். வழக்கை எதிர்த்து நிற்க நினைப்பவர்கள் கைதான நேரத்தையும் பரிசோதனை நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. மவுத் வாஷ், இருமல் டானிக் போன்றவை வாயில் தங்கியிருந்தால் கருவி கொஞ்ச நேரத்துக்குத் தவறாகக் காட்டலாம். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ஊத வைக்கும்படி கேளுங்கள். நிஜமாகவே டானிக் மட்டும் குடித்தவருக்கு எண் விழுந்துவிடும்.

பத்தாயிரம் கட்டிவிட்டேன். அதோடு முடிந்ததா?

இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

முதல் முறைக்குத் தண்டனை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இரண்டாவது முறைக்கு இரண்டு வருடம் வரை சிறை அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019 செப்டம்பர் 1-க்கு முன் முதல் முறை அபராதம் அதிகபட்சம் 2,000-தான். பழைய ஆட்கள் இன்னும் அந்த நினைப்பிலேயே இருக்கிறார்கள்.

ஹெல்மெட் கேஸ், சிக்னல் கேஸ் மாதிரி ரோட்டிலேயே பணத்தைக் கட்டி ரசீது வாங்கி முடிக்கிற கேஸ் இது இல்லை. அப்படிச் சமரசமாக முடிக்கத்தக்க குற்றங்களின் பட்டியல் 200-வது பிரிவில் இருக்கிறது. 185 அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் கோர்ட்டுக்குத்தான் போகும். அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் தண்டனை பெற்றவர். "ஃபைன்தானே கட்டினேன், தண்டனை ஒன்றும் கிடையாதே" என்று ஒரு டிரைவர் என்னிடம் வாதாடினார். அவர் பேரில் ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து வந்த நோட்டீஸ் அப்போது என் மேஜை மேல் கிடந்தது.

லைசென்ஸ் எத்தனை மாதம் போகும்?

இரண்டு பக்கமிருந்து அடி விழும். இதைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்.

முதல் பக்கம் ஆர்.டி.ஓ. குடித்து ஓட்டியதாக நம்பக் காரணம் இருந்தால் போலீஸ் உங்கள் லைசென்ஸைக் கைப்பற்றி, அதைக் கொடுத்த அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆர்.டி.ஓ. உங்களை விசாரித்து, காரணத்தை எழுத்தில் பதிவு செய்து, முதல் முறை என்றால் மூன்று மாதம் தடை போடலாம். கோர்ட் தீர்ப்பு வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. விசாரணை இல்லாமல் தடை போடவும் முடியாது. அதனால் நோட்டீஸ் வந்தால் போய் நில்லுங்கள். பதில் எழுதிக் கொடுங்கள். லைசென்ஸில் உள்ள எல்லா வகை வண்டிக்கும் தடை போடலாம், சிலவற்றுக்கு மட்டும் போடலாம் என்று சட்டம் இடம் தருகிறது. அந்தத் தீர்மானம் எடுக்கும் அறையில் நீங்கள் இல்லாவிட்டால் உங்களுக்காகப் பேச யாரும் இருக்க மாட்டார்கள். உத்தரவு பிடிக்கவில்லை என்றால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தடை பெற்றவர் ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியும் முடிக்க வேண்டும்.

இரண்டாவது பக்கம் கோர்ட். 185-ல் தண்டனை கொடுக்கும் நீதிமன்றம் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தடை விதிக்க வேண்டும் என்கிறது 20-வது பிரிவு. "விதிக்கலாம்" என்றில்லை, "விதிக்க வேண்டும்" என்றே இருக்கிறது. நடைமுறையில் அபராதத்தோடு விட்ட வழக்குகளையும் பார்த்திருக்கிறேன். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

மாதச் சம்பளம் வாங்கும் ஒருவர் கார் ஓட்டி மாட்டினால் ஆறு மாதம் பஸ்ஸில் போவார். டிரிப்புக்கு இவ்வளவு, படி இவ்வளவு என்று வாங்கும் டிரைவருக்கு ஆறு மாதம் வருமானமே நின்றுவிடும். சட்டம் இருவருக்கும் ஒரே அளவுகோல் வைத்திருக்கிறது. நியாயமா என்று கேட்டால், நாற்பது டன் வண்டி தறிகெட்டுப் போனால் என்ன நடக்கும் என்று பார்த்தவன் நான், அதனால் டிரைவர் பக்கம் முழுசாகச் சாய முடியவில்லை.

சொந்த பைக்கில், லீவு நாளில் மாட்டினேன். லாரி லைசென்ஸுக்கு என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. ஒருவருக்கு ஒரே லைசென்ஸ்தான். பைக், கார், டிரான்ஸ்போர்ட் வண்டி எல்லாம் அந்த ஒரே அட்டையில் உள்ள வகைகள். தடை உத்தரவில் "எல்லா வகையும்" என்று எழுதிவிட்டால் லாரியும் சேர்ந்தே போய்விடும். மேலே சொன்னபடி, வகையைக் குறிப்பிட்டுத் தடை போடவும் இடம் இருக்கிறது. பிழைப்பு லாரியில் என்பதை விசாரணையில் எழுத்தாகச் சொல்லிப் பார்க்கலாம். கேட்டால் கிடைத்தே தீரும் என்று சொல்ல மாட்டேன்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போய், தெருமுனை வரை பைக்கில் போனதற்காக வேலை இழந்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். லாரியில் குடித்து மாட்டியவர்களை விட இவர்களைப் பார்க்கத்தான் பாவமாக இருக்கும்.

இரண்டாவது தடவை மாட்டினால்?

லைசென்ஸ் ரத்து. முன்பு 185-ல் தண்டனை பெற்றவர் அதே பிரிவில் மறுபடி தண்டனை பெற்றால் நீதிமன்றம் லைசென்ஸை ரத்து செய்ய வேண்டும் என்று 22-வது பிரிவு சொல்கிறது. ஆர்.டி.ஓ. பக்கமும் இரண்டாவது முறைக்கு ரத்துதான். அப்படி ரத்தானவரின் பெயரைப் பொதுவெளியில் வெளியிடவும் 2019 திருத்தம் அனுமதிக்கிறது.

ரத்துக்கும் தடைக்கும் நிறைய வித்தியாசம். தடை என்றால் காலம் முடிந்ததும் அதே லைசென்ஸ் திரும்பும். ரத்தானால் அந்த லைசென்ஸின் கதை முடிந்தது. மறுபடி அனுமதி கிடைக்கும் நாளில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு எல்.எல்.ஆர். போட வேண்டுமானால் இலகு ரக லைசென்ஸ் குறைந்தது ஒரு வருடம் கையில் இருந்திருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. இருபது வருட அனுபவசாலி, கார் ஓட்டக் கற்கும் பையனோடு வரிசையில் நிற்கும்படி ஆகும்.

வேறு மாநிலத்தில் போய்ப் புது லைசென்ஸ் எடுத்துவிட்டால்?

பழைய காலத்துத் தந்திரம், இப்போது செல்லாது. லைசென்ஸ் விவரம் எல்லாம் 'சாரதி' என்ற கணினித் தொகுப்பில் நாடு முழுக்க ஒன்றாக இருக்கிறது. தடையில் இருப்பவர் அதை மறைத்து விண்ணப்பிப்பதே தனிக் குற்றம்.

தடைக்காலத்தில் "ஒரே ஒரு டிரிப்" ஓட்டிவிட்டால்?

182-வது பிரிவு: மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். தெரிந்தே ஓட்டக் கொடுத்த ஓனருக்கு 180-வது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய், அல்லது இரண்டும்.

அந்த டிரிப்பில் விபத்து நடந்தால் இதெல்லாம் தூசு. இன்சூரன்ஸ் பாலிசியில் 'டிரைவர்ஸ் கிளாஸ்' என்று ஒரு பத்தி இருக்கும். வண்டி ஓட்டுபவரிடம் நடப்பில் உள்ள லைசென்ஸ் இருக்க வேண்டும், அவர் லைசென்ஸ் வைத்திருக்கத் தடை பெற்றவராக இருக்கக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். தடைக்காலத்தில் ஓட்டினால் அந்த நிபந்தனை உடைந்துபோகிறது. அன்றைக்கு டிரைவர் ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் இருந்திருக்கலாம், தப்பு எதிரே வந்தவன் மேலேயே இருக்கலாம். வண்டிக்கான கிளைம் கம்பெனியின் கையில் இருக்கும் இந்த ஒரு காரணத்தாலேயே நின்றுபோகும்.

டிரைவர் மேல் இந்த கேஸ் இருந்தால் அடுத்த வருடப் பிரீமியம் ஏறுமா?

நேரடியாக ஏறாது. வெளிநாட்டில் டிரைவரின் சரித்திரத்தைப் பார்த்துப் பிரீமியம் போடுவார்கள். இங்கே பாலிசி வண்டியின் பேரில். லாரியின் தர்ட் பார்ட்டி (விபத்தில் பாதிக்கப்படும் வெளி ஆளுக்கான காப்பீடு) பிரீமியம், வண்டியின் மொத்த எடையைப் பொறுத்து அரசு நிர்ணயிப்பது. அதில் கம்பெனி ஒரு ரூபாய் கூட்டவோ குறைக்கவோ முடியாது. 2021-ல் போக்குவரத்து விதிமீறலைப் பிரீமியத்தோடு இணைக்கும் ஒரு வரைவை காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் குழு வெளியிட்டது. அதில் குடித்து ஓட்டுவதற்குத்தான் அதிகபட்சமாக 100 புள்ளி.

ஆனால் விபத்து நடந்து சொந்தச் சேதத்துக்குக் கிளைம் வாங்கினால் நோ கிளைம் போனஸ் போகும். ஐந்து வருடம் சேர்த்த 50 சதவீதத் தள்ளுபடி ஒரே கிளைமில் பூஜ்யம். பத்து, இருபது வண்டி வைத்திருப்பவர்களுக்கு கிளைம் சரித்திரத்தைப் பார்த்துத்தான் கம்பெனிகள் சொந்தச் சேதப் பிரீமியத்தைப் பேசுகின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

குடித்திருந்த டிரைவர் வண்டியை மோதிவிட்டார். வண்டிச் சேதத்துக்குப் பணம் வருமா?

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். "ஃபுல் இன்சூரன்ஸ்தான் போட்டிருக்கேன் சார்" என்று ஓனர் சொல்வார். மது அல்லது போதையின் தாக்கத்தில் ஓட்டியபோது ஏற்பட்ட சேதம் ஃபுல் இன்சூரன்ஸிலும் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. ஓனர் குடிக்கவில்லை, டிரைவர்தான் குடித்தார் என்ற வாதமும் பொதுவாக எடுபடாது.

அடுத்து வரும் கேள்வி, ஊதவே வைக்கவில்லையே, கம்பெனி எப்படி நிரூபிக்கும் என்பது. 2007 டிசம்பரில் டெல்லியில் ஒரு போர்ஷே கார் விபத்தில் சிக்கி எரிந்தது. மூச்சுச் சோதனையும் நடக்கவில்லை, ரத்தப் பரிசோதனையும் நடக்கவில்லை. ஆஸ்பத்திரிப் பதிவில் மது வாடை வந்ததாக எழுதியிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 ஏப்ரலில் வந்த இஃப்கோ டோக்கியோ - பேர்ல் பெவரேஜஸ் தீர்ப்பு கம்பெனிக்குச் சாதகம். சோதனை எண் இல்லாவிட்டாலும் சூழ்நிலைகளை வைத்து, மதுவின் தாக்கத்தில் ஓட்டினார் என்று முடிவு செய்யலாம் என்றது. பாலிசியில் இருக்கும் வாசகம் "மதுவின் தாக்கத்தில்" என்பது. 185-ல் இருக்கும் 30 மில்லிகிராம் கணக்கு கிரிமினல் வழக்குக்கானது என்று இரண்டையும் பிரித்துக் காட்டியது.

அதனால் விபத்து ஃபைலில் முதலில் நான் தேடுவது ஏ.ஆர். காப்பி. அரசு ஆஸ்பத்திரியில் அடிபட்டவரைச் சேர்க்கும்போது போடும் விபத்துப் பதிவேட்டின் நகல் அது. அதில் "மது வாடை" என்று ஒரு வரி இருந்தால் கிளைம் ஃபைல் அங்கேயே படுத்துவிடும். எதிர்த்து வாதாடலாம், குடித்ததும் விபத்தும் சம்பந்தப்படவில்லை என்று காட்ட முயலலாம். நின்றுகொண்டிருந்த வண்டியில் பின்னாலிருந்து வேறொருவன் வந்து மோதினால் அந்த வாதத்துக்கு உயிர் இருக்கும். தானே பாலத்தில் மோதினால் இருக்காது.

வண்டி ஃபைனான்ஸில் இருந்தால் கிளைம் வராவிட்டாலும் தவணை ஓடிக்கொண்டுதான் இருக்கும். வண்டி ஒர்க்‌ஷாப்பில், டிரைவர் வீட்டில், மாதத் தவணை மட்டும் தேதி தவறாமல்.

எதிரே வந்தவர் செத்துவிட்டார் அல்லது கை கால் போய்விட்டது. அவருக்கு யார் பணம் கொடுப்பது?

சொந்தச் சேதமும் தர்ட் பார்ட்டியும் ஒரே பாலிசியில் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு உலகம். தர்ட் பார்ட்டி காப்பீடு சட்டம் கட்டாயப்படுத்தியது. அது ரோட்டில் போகிற மூன்றாம் ஆளைக் காப்பாற்ற வந்தது.

அதனால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் பல வழக்குகளில் பின்பற்றும் வழி இது: "பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கொடுக்கட்டும், பிறகு ஓனரிடம் வசூல் செய்துகொள்ளட்டும்." செத்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் தீர்ப்பானது என்று வையுங்கள். கம்பெனி கட்டும். அப்புறம் அதே 20 லட்சத்தை வட்டியோடு ஓனரிடம் கேட்கும். தனியாக இன்னொரு வழக்குப் போட வேண்டிய அவசியம் இல்லாமல், அதே தீர்ப்பை நிறைவேற்றும் மனு மூலமாகவே வசூலிக்க உச்ச நீதிமன்றம் வழி காட்டியிருக்கிறது. வண்டி மேலேயே ஜப்தி வரலாம். "இன்சூரன்ஸ் கட்டிவிட்டது" என்று நிம்மதியாக இருந்த ஓனரின் வீட்டுக்கு இரண்டு, மூன்று வருடம் கழித்து நோட்டீஸ் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

2022 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய 150-வது பிரிவு கம்பெனிகளின் கையை இன்னும் பலப்படுத்தியிருக்கிறது. முன்பு லைசென்ஸ் இல்லாதவர், தடை பெற்றவர் போன்ற காரணங்கள்தான் கம்பெனி எடுத்து வைக்கக்கூடிய தற்காப்பாகச் சட்டத்தில் இருந்தன. இப்போது 185-வது பிரிவில் சொன்னபடி மது அல்லது போதையில் ஓட்டுவதும் அந்த வரியில் சேர்ந்திருக்கிறது. ஓனரின் தலைக்கு மேல் தொங்கும் கத்தி கூர்மையாகிவிட்டது என்றே நான் படிக்கிறேன்.

குடித்தது டிரைவர். ஓனர் எப்படித் தப்பிப்பது?

2004-ல் உச்ச நீதிமன்றத்தில் வந்த ஸ்வரண் சிங் தீர்ப்பு ஓனர்களுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நிபந்தனை மீறப்பட்டது என்று மட்டும் காட்டினால் போதாது, ஓனர் தேவையான கவனம் எடுக்கத் தவறினார் என்பதையும் கம்பெனி காட்ட வேண்டும் என்றது மூன்று நீதிபதிகள் அமர்வு. அது லைசென்ஸ் சம்பந்தப்பட்ட தீர்ப்பு. கவனமாக இருந்த ஓனருக்கு அந்தத் தர்க்கம் உதவும், கவனமாக இருந்ததற்குக் காகிதம் இருந்தால்.

அதனால் நான் ஓனர்களிடம் சொல்லிவந்தது: வேலைக்குச் சேர்க்கும் நாளில் லைசென்ஸ் ஜெராக்ஸ் வாங்கி வைப்பதோடு நிற்காதீர்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் லைசென்ஸ் எண்ணைப் போட்டுப் பார்த்து, நடப்பில் இருக்கிறதா, தடை இருக்கிறதா என்று தேதியோடு பிரின்ட் எடுத்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி பாருங்கள். டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியது. அது காலாவதியாகியிருப்பதும் இப்படித்தான் கண்ணில் படும். மூச்சுச் சோதனைக் கருவி ஒன்று வாங்கி, வண்டி கிளம்பும் முன் ஊத வைத்து நோட்டில் எழுதுங்கள். டிரைவர் கோபித்துக்கொள்வார்தான். எங்கள் ஆபீஸில் முதல் வாரம் இரண்டு பேர் வேலையை விட்டே போனார்கள். ஒருவர் மட்டும் திரும்பி வந்தார்.

குடித்திருப்பது தெரிந்தே வண்டியைக் கொடுத்து அனுப்பினால் கதை வேறு. 188-வது பிரிவில் குற்றத்துக்கு உடந்தை, தண்டனையும் டிரைவருக்கு உள்ளதே.

விபத்தில் டிரைவருக்கே அடிபட்டால்?

ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் 1923-ல் ஒரு விலக்கு இருக்கிறது. அடிபட்டதற்கு நேரடிக் காரணம் அவர் குடித்திருந்தது என்றால் முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை. ஆனால் மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் இந்த விலக்கு பொருந்தாது. குடித்திருந்த டிரைவர் இறந்துபோனால் அவர் மனைவி பிள்ளைகள் இந்தச் சட்டத்தில் கேட்கலாம். இதைத் தெரியாமல் "குடித்துச் செத்தான், ஒன்றும் வராது" என்று சொல்லி அனுப்பப்பட்ட குடும்பங்கள் உண்டு.

ஓனரே டிரைவராக இருந்தால் நிலைமை மோசம். கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடாக 15 லட்சம் இருக்கும். மதுவின் தாக்கத்தில் நடந்த விபத்து அதிலும் விலக்குதான்.

உயிர் போனால் என்ன பிரிவு போடுவார்கள்?

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுச் சட்டம் வந்த 2024 ஜூலை 1 முதல், கவனக்குறைவால் மரணம் என்றால் 106(1), ஐந்து வருடம் வரை சிறை. பழைய 304ஏ-யில் இரண்டு வருடம்தான். இப்படி ஓட்டினால் உயிர் போகும் என்று தெரிந்தே ஓட்டினார் என்று கோர்ட் முடிவு செய்தால் 105-வது பிரிவு, பத்து வருடம் வரை போகலாம். 2006-ல் மும்பையில் நடைபாதையில் தூங்கியவர்கள் மேல் கார் ஏறி ஏழு பேர் இறந்த வழக்கில், பழைய சட்டத்தில் இதற்கு இணையான பிரிவில் கொடுத்த தண்டனையை 2012-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த ஓட்டுநர் குடித்திருந்தார்.

நேஷனல் பெர்மிட் வண்டி. வெளிமாநிலத்தில் மாட்டினால்?

185 நாடு முழுக்க ஒன்றுதான். தடை உத்தரவும் எல்லா மாநிலத்திலும் செல்லும். கூடுதலாக, பீகாரிலும் குஜராத்திலும் மதுவிலக்கு உண்டு. அங்கே கேபினில் பாட்டில் கிடந்தாலே தனி வழக்கு, வண்டியும் மாட்டும். வடக்கே லோடு போகும் முன் கிளீனரின் பையையும் பார்த்துவிடுங்கள்.

தடைக்காலம் முடிந்துவிட்டது. நேராகப் போய் வண்டி எடுக்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள். தண்டனை விவரம் லைசென்ஸ் பதிவில் குறிப்பாக ஏறியிருக்கும். லைசென்ஸ் புதுப்பித்தாலும் நகல் வாங்கினாலும் அது கூடவே வரும். கடைசிக் குறிப்பு ஏறிய நாளிலிருந்து மூன்று வருடம் வேறு குறிப்பு எதுவும் விழாவிட்டால், குறிப்பில்லாத சுத்தமான லைசென்ஸ் கேட்டு வாங்கலாம். தடையில் இருந்த மாதங்கள் அந்த மூன்று வருடத்தில் சேராது.

பயிற்சிச் சான்றிதழை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து, அட்டையைக் கையில் வாங்கி, கணினியில் தடையை நீக்கினார்களா என்று பாருங்கள். ஒரு டிரைவர் ஆறு மாதம் முடிந்த மறுநாளே லோடு ஏற்றிக் கிளம்பினார். அட்டை கையில் இருந்தது, ஆனால் சாரதியில் அவர் பெயருக்கு நேரே தடை அப்படியே இருந்தது. செக்போஸ்ட்டில் வண்டி நின்றது. அதைச் சரிசெய்ய ஒன்பது நாள் ஆனது, ஏற்றியிருந்தது தக்காளி.